கண்டனமும் சமய சுதந்திரமும்

பிற சமயத்தைக் கண்டித்தல் வேறு. அச்சமயத்தாரின் உரிமையை மறுத்தல் வேறு. இவ்விரண்டும் மயங்குமிடத்துச் சமய சுதந்திரம் கெடும்.

யாழ்ப்பாணத்திற் கிறித்தவத்தைக் கண்டித்தோருள் தலையாயவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879). பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற அவர், அந்நூலை நன்கு கற்றே கண்டனஞ் செய்தார். மிஷன் பாடசாலைகளுக்கு எதிராக 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். துண்டுப்பிரசுரங்களுக்கு எதிராக அச்சுக்கூடம் நிறுவினார். சைவத்தைத் தூஷித்தோருக்கு 1854இற் சைவதூஷணபரிகாரத்தால் விடையிறுத்தார். நூலை நூலாலும் பள்ளியைப் பள்ளியாலும் எதிர்த்தமையே அவர் வழி.

இன்று இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, தாம் விரும்பிய சமயத்தைக் கொண்டிருக்கவும் மேற்கொள்ளவும் எல்லோருக்கும் சுதந்திரம் அளிக்கின்றது. ஆயினும் 2003இல் உயர் நீதிமன்றம், கத்தோலிக்க கன்னியர் சபையொன்றின் கூட்டிணைப்புச் சட்டமூலத்தை ஆராய்ந்து, சமயம் பரப்புதல் அடிப்படை உரிமையன்று எனத் தீர்த்தது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2005இல் இதனை உரிமை மீறலெனக் கண்டது.

மதமாற்றத்தை அஞ்சும் சைவருட் சிலர் அத்தீர்ப்பை வரவேற்றல் கூடும். அவர்கள் ஒன்று சிந்தித்தல் வேண்டும். பரப்பும் உரிமை பிறர்க்கு இல்லையெனின், சிறுபான்மையினராகிய நமக்கு மட்டும் அது எங்ஙனம் உண்டாகும்?

வறியோரின் பசியைக் காட்டி மதம் மாற்றுதல் கண்டிக்கத்தக்கதே. அதற்கு மருந்து, அவர்தம் பசியை நாமே தீர்த்தலும் சமய அறிவு ஊட்டலுமாம். இது சட்டத்தினும் அரிது. ஆயினும் நாவலர் காட்டிய நெறி இதுவே.