பாலைவனத்து வீட்டு மாடியில்

ராஜஸ்தானத்தில் பலோதி நகரை அடுத்து, தார்ப் பாலைவனத்தில், கீச்சன் என்னும் சிற்றூர் இருக்கிறது. பறவைகளைக் காண விழைவோர் இங்கே காடு தேடி அலைய வேண்டுவதில்லை. ஏதேனும் ஒரு வீட்டு மாடியில் ஏறி அசையாது அமர்ந்திருந்தால் போதும்.

மழைக்காலம் கழிந்து செப்டம்பர் பிறக்கும் தருணத்தில், குர்ஜா என்று அவ்வூரார் அழைக்கும் கொக்கினம் வந்து சேருகிறது. மங்கோலியா முதலிய வடபுலத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து வரும் பறவை இது. உலகிலுள்ள பெருங்கொக்கு இனங்களுள் இதுவே சிறியது. நிமிர்ந்து நின்றால் ஏறக்குறைய மூன்றடி உயரமே இருக்கும். சாம்பல் நிற மேனி, கரிய கழுத்து, கண்ணுக்குப் பின்னே வெண்ணிற இறகுக் குஞ்சம் ஆகியவை இதன் அடையாளங்கள்.

1970-களில் ரதன்லால் மாலு என்பவர் புறாக்களுக்கு இறைத்த தானியத்தை நாடிச் சில குர்ஜாக்களும் வந்தன. அவர் விரட்டவில்லை, இன்னும் இறைத்தார். நாளடைவில் ஊரில் வேலியிட்ட முற்றம் ஒன்று அமைந்தது. சமண சமயத்தவர் மிகுந்த ஊராதலால் தானியத்திற்குக் குறைவில்லை. இன்று ஆயிரக்கணக்கில் வருகின்றன.

விடியுமுன்பே மாடியில் இடம் பிடித்துவிட வேண்டும். முதலில் காதுக்குத்தான் வேலை: எங்கோ தொலைவில் கரகரத்த குரல்கள் கேட்கும். பின்னர் கூட்டங் கூட்டமாக வந்து வானில் வட்டமிடும். ஒரு நாய் குறுக்கே ஓடினாலும் இறங்கமாட்டா. ஐயம் தீர்ந்த பிறகே முதற் பறவை கால் ஊன்றும், மற்றவை தொடரும். இந்தத் தயக்கத்தைக் காண்பதே, எமது கருத்தில், காலைப் பொழுதின் சிறந்த பகுதி. இரை உண்டபின் ஊர்க் குளங்களுக்குச் சென்று நீர் அருந்தும். செரிமானத்தின் பொருட்டுச் சிறு கற்களையும் விழுங்கும். இவ்வூரின் நீர்நிலைகள் 2025 ஜூனில் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

ஆயினும் ஓர் ஆபத்து உண்டு. அஃது உயர் அழுத்த மின்கம்பி. கொக்கின் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்தவை. பறக்கும்போது நிலத்தை நோக்கித் தலை குனிந்தால், எதிரே இருப்பது அதற்குத் தெரியாது. பனிமூட்டத்தில் மெல்லிய கம்பி கண்ணுக்குப் புலப்படுவதும் இல்லை. கம்பிகளை நிலத்தடியில் பதிக்க வேண்டுமென்று ஊரார் கோரினர். செலவு மிகும் என்பது மெய்யே. எனினும், மார்ச் வரை தங்கி வடக்கே திரும்ப வேண்டிய விருந்தினருக்காக அச்செலவை ஏற்பது தகும் என்றே நாம் கருதுகிறோம்.