'ஸ்வேதா அப்பா'வின் பெயர் என்ன?

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய அப்பாவா நீங்கள்? உங்கள் செல்போனைக் கொஞ்சம் எடுங்கள். அதில் இருக்கிற பெயர்களை ஒரு தடவை பாருங்கள். ஸ்கூல் வேன் டிரைவர், மேத்ஸ் டியூஷன் சார், கராத்தே மாஸ்டர், ஸ்வேதா அப்பா...

சரி, அந்த 'ஸ்வேதா அப்பா'வோட சொந்தப் பெயர் என்ன? யோசிக்கிறீர்கள், இல்லையா? அவருடைய போனில் நீங்களும் யாரோ ஒரு பிள்ளையின் அப்பாதான்!

இதில் தப்பு ஒன்றுமில்லை. டீக்கடை பெஞ்ச், கிரிக்கெட், செகண்ட் ஷோ என்று திரிந்த மனுஷனைக் குழந்தை வந்து ஸ்கூல் வாசலில் நிறுத்துகிறது. அங்கேயும் நாலு பேர் பழக்கமாகிறார்கள். ஃபீஸ், மார்க், கோச்சிங் கிளாஸ் என்று பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

சிக்கல் எப்போது வருகிறது? பிள்ளை பிளஸ் டூ முடித்து ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது! ஸ்கூல் வாசல் போச்சு, அதோடு அந்தச் சிநேகமும் போச்சு. பழைய நண்பர்கள்? 'பையனுக்குப் பரீட்சைப்பா, அப்புறம் பார்க்கலாம்' என்று வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, அவர்களும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். சாயங்காலம் வீடு திரும்பினால் டி.வி.தான் துணை.

'இதுக்கும் உடம்புக்கும் என்ன சார் சம்பந்தம்?' என்கிறீர்களா? நிறைய இருக்கிறது.

அமெரிக்காவில் 1938-ல் தொடங்கிய ஹார்வர்டு ஆய்வு, 724 ஆண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஐம்பது வயதில் தங்கள் உறவுகளில் நிறைவாக இருந்தவர்களே எண்பது வயதில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். முதுமை எப்படி இருக்கும் என்பதை, கொலஸ்ட்ரால் அளவைவிட இந்த நிறைவுதான் சரியாகச் சொன்னது!

2010-ல் வெளியான இன்னொரு ஆய்வு, 3 லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பற்றிய 148 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. உறவும் நட்பும் பலமாக உள்ளவர்களுக்கு உயிர் வாழும் வாய்ப்பு 50 சதவிகிதம் அதிகம் என்றது அது.

என்ன செய்யலாம்?

* 'ஸ்வேதா அப்பா'வின் பெயரைக் கேளுங்கள். பிள்ளைகளின் மார்க்கை மறந்துவிட்டு ஒருநாள் அவரோடு காபி சாப்பிடுங்கள்.

* பழைய நண்பருக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே போன் போடுங்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். 'சும்மாதான்டா கூப்பிட்டேன்' போதும்.

* வாக்கிங்குக்கு ஒரு ஜோடி சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் வாசலில் காத்திருந்தால், சோம்பல் வராது.

* தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், 'வயசாச்சு' என்று விட்டுவிடாமல் டாக்டரைப் பாருங்கள்.

இல்லத்தரசிகளுக்கும் ஒரு வார்த்தை. அவர் நண்பரைப் பார்க்கக் கிளம்பினால், 'இந்த வயசுல என்ன அரட்டை?' என்று கேட்காதீர்கள். பிரஷர் மாத்திரையை மறக்காமல் எடுத்துக் கொடுக்கிறீர்களே, அதைப் போலத்தான் இதுவும்!