பருவத்தின் முதல் மலையோட்டம்

சைக்கிளோட்டம் என்றதும், தார் வீதியில் அணிவகுத்து விரையும் வீரர் கூட்டமே எம்மிற் பலரின் கண்முன் தோன்றும். வீதியை விட்டு விலகுவதையே இலக்கணமாகக் கொண்ட ஓட்டமொன்றும் உண்டு. காட்டுத்தடத்திலும் மணற்சரிவிலும், கல்லின்மீதும் மரவேரின்மீதும் ஏறியிறங்கிச் செல்லும் மலைச் சைக்கிளோட்டமே அது. அதனுள்ளும் 'குறொஸ் கன்றி' எனப்படும் நெடுந்தட ஓட்டம் தனித்தன்மை வாய்ந்தது. குளிர்காலம் கழிந்தபின் நிகழும் அதன் முதற் போட்டியோ வீரனின் மனத்தை வேறெந்தப் போட்டியினும் மிகுதியாகச் சோதிப்பது.

இவ்விளையாட்டின் பிறப்பு வேடிக்கையானது. சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கேயுள்ள மரீன் மாவட்டத்து இளைஞர் சிலர், பிறர் கழித்துவிட்ட தடித்த ரயர் வண்டிகளைத் தேடியெடுத்து மலைச்சரிவில் உருட்டிவிட்டு மகிழ்ந்தனர். 1976ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் அவர்கள் நேரங்குறித்து முதற் பந்தயம் நடத்தினர். பின்சில்லின் குடத்துள் அமைந்த பிறேக், இறங்கி முடிவதற்குள் சூடேறி, உள்ளிருந்த கிறீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் புதிதாக அடைக்கவேண்டும். மீள அடைத்தல் என்னும் பொருள்பட அப்பந்தயத்துக்கு 'றீபாக்' என்றே பெயர் வழங்கலாயிற்று. பதினான்கு ஆண்டுகளுள், 1990இல், கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ நகரில் உலகப் போட்டி நடைபெற்றது. நெடுந்தட ஓட்டத்தில் முப்பத்தைந்து வயதான நெட் ஓவரெண்ட் வாகை சூடினார். 1996இல் அற்லாண்டாவில் ஒலிம்பிக்கிலும் இவ்வோட்டம் இடம்பெற்றது.

இறங்குவதற்குத் துணிவு போதும். ஏறுவதற்கு உடல் வேண்டும். நெடுந்தட ஓட்டம் இரண்டையும் கேட்பது. ஆயினும், பெரும்பாலும் ஏற்றத்திலேயே வெற்றியைத் தீர்மானிப்பது. இது நியாயமே என்பது எம் கருத்து.

கலிபோர்ணியாவின் மொன்ரரே விரிகுடாவை அடுத்து, லகூனா சேக்கா மோட்டார்ப் பந்தயத் திடலில் 1991 முதல் நடைபெற்றுவரும் 'சீ ஒட்டர் கிளாசிக்' இத்தகைய முதற்பருவப் போட்டிகளுட் பெரும்பெயர் பெற்றது. அவ்விரிகுடாவில் வாழும் கடல் நீர்நாயே பெயருக்குக் காரணம். கொள்ளைநோயால் 2020இல் நின்று, 2021இல் ஒக்டோபருக்குத் தள்ளப்பட்டதைத் தவிர்த்தால், அண்மைக்கால வழக்கில் ஏப்ரில் மாதமே இதற்குரிய காலம். வீரர்கள் மோட்டார் பாதையிற் புறப்பட்டு, அண்டையிலுள்ள ஓர்ட் கோட்டை நிலத்துள் இறங்குவர். 1917 முதல் இராணுவத்தின் பயிற்சிக்களமாயிருந்து, 1994இல் மூடப்பட்டு, 2012இல் தேசிய நினைவுச்சின்னமாகப் பிரகடனம் செய்யப்பட்ட நிலம் அது. பீரங்கி முழங்கிய மண்ணில் இன்று கருவாலி மரங்களிடையே சைக்கிட் தடங்கள் ஓடுகின்றன. வெடிக்காத குண்டுகள் கிடக்கக்கூடும் என்பதால் இன்னும் அடைக்கப்பட்டுள்ள பகுதிகளும் உண்டு.

புறப்படும் வேளையின் சிக்கலை இங்கே விளக்கவேண்டும். வயதும் தரமும் நோக்கி வகுக்கப்பட்ட ஒவ்வோர் அணியும் ஒரே கணத்தில் ஒன்றாகக் கிளம்பும். பந்தயத் திடலின் பாதை பலர் ஒன்றாய்ச் செல்லுமளவு அகலமானது. அப்பாலுள்ள தடமோ பலவிடத்து ஒருவர் பின் ஒருவராய்ச் செல்லத்தக்க ஒற்றையடிப் பாதை. அகலம் முடியுமுன் முன்னிடத்தைப் பற்றாதவன், தன்னிலும் மெல்லச் செல்வோர் பின்னே அடைபட்டு, அவர் தடுமாறினால் தானும் காலூன்றி நிற்பான். முன்னிடம் வேண்டுமாயின் முதற் சில நிமிடங்களிலேயே வலிமையை வாரியிறைக்கவேண்டும். அவ்வாறு இறைத்தவன் கடைசி ஏற்றத்தில் அதற்குரிய கடனைச் செலுத்துவான். கோடையின் நடுவிலாயின் வீரன் தன் மடியில் எவ்வளவு உண்டென்பதை முந்திய போட்டிகளால் அறிந்திருப்பான். ஏப்ரிலில் அவன் அறியான். குளிர்காலத்தில் அறையினுள் உருளைகளின்மீது மிதித்தும், நீண்ட வழிகளில் ஆறுதலாய் ஓடியும் அவன் சேர்த்தது எவ்வளவு? மிதிக்கும் வலுவை வாற்றுக் கணக்கில் அளக்கும் கருவி இன்று பலரிடம் உண்டு. அக்கருவி அறையில் நிகழ்ந்ததைச் சரியாகவே சொல்லும். அருகில் ஒருவன் தோளுரச முந்தும்போது மனம் என்ன செய்யும் என்பதைச் சொல்லாது.

வண்டியும் இவ்வாறே ஒரு பேரம். ரியூப் இன்றி, துளையை அடைக்கும் திரவத்துடன் இயங்கும் ரயரிற் காற்றைக் குறைத்தால் அது மணலையும் வேரையும் தழுவிச் செல்லும். மிகக் குறைத்தால் கல்லில் மோதி விளிம்பு நெளியும். முன்சில்லைத் தாங்கும் கவையின் அதிர்வடக்கியையும் நிலத்துக்கேற்ப இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். இவற்றைப் பட்டறிவாலேயே அறியலாம். பட்டறிவோ சென்ற ஆண்டினது.

மண்ணும் ஏமாற்றும். மழை பெய்து சில நாளாயின் இறுகி, சில்லுக்கு உற்ற துணையாகும்; வெயில் தொடர்ந்தால் மேற்பரப்பு மணலாய் உதிர்ந்து, வளைவில் முன்சில்லை வழுக்கிவிடும். காலையிற் சென்றவன் கண்ட தடமும் மாலையிற் செல்பவன் காணும் தடமும் ஒன்றல்ல. இடையில் எத்தனையோ ரயர்கள் அதனை உழுதிருக்கும்.

பந்தயத் திடல் உயரத்தில் அமைந்திருப்பதால், இறங்கிச் சென்றோர் திரும்ப ஏறியே வரவேண்டும். தசைகளிற் சேமித்த மாச்சத்து அருகிவரும் வேளையிலேயே அவ்வேற்றம் எதிர்ப்படும். முதற் கால்மணியில் வீரம் காட்டியோர் சிலர் இங்கே கியரை மிக மெல்லியதாக்கி, தலை கவிழ்ந்து, சில்லின் முன்னே ஒரு முழ நிலத்தை மட்டும் பார்த்தபடி மிதிப்பர். அடங்கி வந்தோர் சிலர் அவர்களை ஒருசொல்லும் பேசாது கடந்து செல்வர். கோட்டைத் தாண்டியதும் எல்லோரும் நேரப்பட்டியலின் முன் கூடுகின்றனர். தம் இடம் எத்தனையாவது என்பதைப் பார்த்து முடித்தபின், அந்த ஏற்றத்தில் எத்தனை பேரைத் தாம் முந்தினோம், எத்தனை பேர் தம்மை முந்தினர் என்று விரலை மடக்கி எண்ணத் தொடங்குகின்றனர்.