சஹருக்கு எழும்பியவர் எப்போது உறங்குவது?

நோன்பு மாதம் வந்தால் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் எங்கும் இரவு சுருங்கிவிடுகிறது. தராவீஹ் தொழுகை முடிந்து வீடு திரும்ப ஒன்பது, ஒன்பதரை. பிறகு சாப்பாடு, பேச்சு, கைபேசி என்று நடுநிசி தாண்டிவிடும். நான்கு மணிக்கு, நோன்பு தொடங்குமுன் உண்ணும் சஹர். சமைக்கும் பெண்கள் மூன்றுக்கே எழும்புகிறார்கள். வளர்ந்தவருக்குக் குறைந்தது 7 மணி நேர உறக்கம் வேண்டும். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10. பலருக்கு அதில் பாதிதான் கிடைக்கிறது.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது கூடக் கூடக் கண் செருகும், உறங்கினால்தான் குறையும். நோன்பு திறந்தபின் குடிக்கும் பிளேன்டீயிலுள்ள கஃபீன், அடினோசின் மூளையில் வேலை செய்யாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். அதில் பாதியளவு ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் நிற்பதால், படுத்தாலும் தூக்கம் பிடிப்பதில்லை. கனவு காணும் உறக்கமோ பின்னிரவில்தான் கூடுதலாக வரும். நினைவுக்கும் மனநிலைக்கும் உதவும் அந்தப் பகுதியைத்தான் சஹர் நேரம் வெட்டுகிறது. பிற்பகல் அஸர் வேளையில் வரும் எரிச்சலுக்குப் பசி மட்டும் காரணமில்லை.

1997இல் டோசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் அவுஸ்திரேலியாவில் ஒரு சோதனை நடத்தினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரைப் போலத் தடுமாறின. நான்கு மணிக்கு எழும்பியவருக்கு இரவு ஒன்பதுடன் அந்த 17 மணி நேரம் நிறைவாகிறது. மட்டக்களப்பு வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரும், கொழும்புக்கு இரவு பஸ் ஓட்டுபவரும் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும்.

வழி நம் மரபிலேயே இருக்கிறது: கைலூலா என்ற நண்பகல் சிறுதூக்கம். நாசா ஆய்வொன்றில் நீண்ட தூர விமானிகளுக்கு 40 நிமிட ஓய்வு கொடுத்தார்கள். சராசரியாக 26 நிமிடம் உறங்கியவர்கள், உறங்காதவர்களைவிட விழிப்புடன் இருந்தார்கள். லுஹர் தொழுகையை ஒட்டி இருபது, முப்பது நிமிடம் கண்ணயர்வது தறியில் இருப்பவருக்கும் கடையில் இருப்பவருக்கும் முடியக்கூடியதே. ஆனால் அந்த ஓய்வு முதலில் சேர வேண்டியது மூன்று மணிக்கு அடுப்பு மூட்டியவருக்கு. அந்த அரை மணி நேரம் பிள்ளைகளை வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்ளலாம்.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை என்பதால் மாணவர் பலர் சஹர்வரை விழித்து, பகலில் உறங்குகிறார்கள். உடலின் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே நகரும். ஆகவே பாடசாலை திறப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே படுக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னுக்குக் கொண்டுவருவதும், காலை வெயிலில் நடக்க விடுவதும் பெற்றோர் செய்யக்கூடியவை.