வலிக் குறிப்பேடு யார் கையில்?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையும், அவ்வளவு காலம் விட்டுவிட்டு வரும் வலியையும் மருத்துவம் நாட்பட்ட வலி என்கிறது. ஒற்றைத் தலைவலி, மூட்டழற்சி, வயிற்று வலி, தசை வலி எனப் பல வடிவங்களில் அது வளரிளம் பருவத்தினரை வாட்டுகிறது. எக்ஸ்ரேயிலும் இரத்தப் பரிசோதனையிலும் எதுவும் தென்படாதபோது, பள்ளிக்குப் போகாமலிருக்கச் சொல்லும் சாக்கு என்று பிறர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் தவறானது. காயம் ஆறிய பின்னரும் நரம்பு மண்டலம் எச்சரிக்கையை நிறுத்தாமல் இருக்கக்கூடும். பிள்ளை உணரும் வலி மெய்யான வலியே.

இத்தகைய வலிக்குப் பெரும்பாலும் மருந்து மட்டும் போதுவதில்லை. உடற்பயிற்சி, உளவியல் பயிற்சி, ஒழுங்கான உறக்கம் ஆகியனவும் வேண்டும். மருத்துவரைக் காண்பது எப்போதோ ஒருமுறை. வலியோ நாள்தோறும் வருகிறது. இந்த இடைவெளியில்தான் கைப்பேசிச் செயலி உதவுகிறது. கனடாவில் டொராண்டோ நகரின் சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் ஆய்வாளர் ஜெனிஃபர் ஸ்டின்சனும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய 'ஐகேன்கோப்' இதற்கு நல்ல சான்று. அன்றாட வலி, மனநிலை, உறக்கம் ஆகியவற்றைப் பதிதல், சிறு இலக்குகளை வகுத்தல், வலியைத் தாங்கும் உத்திகளைக் கற்றல், ஒத்த நிலையிலுள்ள பிறரின் துணையைப் பெறுதல், நோயைப் பற்றி அறிதல் என ஐந்து கூறுகள் அதில் உள்ளன.

தாளில் எழுதினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், அன்றன்றே எழுதினால்! 2002-ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், நாட்பட்ட வலியுள்ள பெரியவர்கள் தாள் குறிப்பேட்டை 90 விழுக்காடு உரிய நேரத்தில் நிரப்பியதாகக் காட்டியிருந்தனர். குறிப்பேட்டில் மறைத்து வைத்த ஒளி உணரியோ, உண்மையில் அது 11 விழுக்காடே எனக் காட்டியது. மின்னணுக் குறிப்பேட்டில் அவ்வளவு 94 விழுக்காடாக இருந்தது. மொத்தமாகப் பின்னர் நிரப்பிய குறிப்பில் வலியின் போக்கு புலப்படாது.

அன்றன்று பதிந்தால் போக்கு தெரியும். வலி குறைந்த நாளில் அளவு மீறி ஆடி, மறுநாள் படுக்கையிலேயே கிடப்பது பல பிள்ளைகளின் வழக்கம். அதைத் தம் பதிவிலேயே காணும் பிள்ளை, "நல்ல நாளானாலும் கெட்ட நாளானாலும் இருபது நிமிட நடை" என்று தானே அளவு வகுத்துக்கொள்ளலாம். முதலில் செயல்திறன் மேம்படும்; வலி பெரும்பாலும் பின்னரே குறையும். ஆகவே, வலியின் எண் மாறவில்லையென்று முதல் வாரங்களிலேயே சோர்ந்துவிட வேண்டாம்.

பெற்றோர் கவனத்திற்குச் சில:

• "இப்போது வலிக்கிறதா?" என்று அடிக்கடி கேட்பது கவனத்தை வலியின்பால் திருப்பும். "இன்று என்ன செய்தாய்?" என்று கேளுங்கள்.

• குறிப்பேடு பிள்ளையுடையது. எதைப் பகிர்வது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். அறியாமல் திறந்து பார்த்தால் உண்மையான பதிவு நின்றுவிடும்.

• உறங்கும் நேரத்திற்கு முன்பே பதிவை முடித்துக் கைப்பேசியை அப்பால் வைக்கச் சொல்லுங்கள்.

• செயலியை உருவாக்கியவர் யார், தரவு எங்கே செல்கிறது என்பதை அறிந்து, மருத்துவரைக் கேட்டபின் தேர்ந்தெடுங்கள். செயலியைப் பார்த்து மருந்தை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

காய்ச்சல், புதிய வீக்கம், காரணமற்ற எடைக் குறைவு, கைகால் தளர்ச்சி, உறக்கத்திலிருந்து எழுப்பும் புதிய வலி ஆகியவை தோன்றினால் தாமதியாமல் மருத்துவரை அணுகுங்கள். வாழ விருப்பமில்லை என்று பிள்ளை சொன்னாலோ எழுதினாலோ, தனியே விடாமல் அன்றே அழைத்து வாருங்கள்.

அடுத்த முறை வரும்போது இரண்டு வாரப் பதிவைக் கொண்டுவாருங்கள். அதை மருத்துவரிடம் விளக்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே விட்டு, நீங்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள்.