யப்பானிய மொழியிற் குறிலும் நெடிலும்

யப்பானிய மொழியைத் தட்டெழுதக் கற்போர் பெரும்பாலும் உரோம எழுத்துகளையே அழுத்துவர்; கணினி அவற்றைக் 'கனா' என்னும் யப்பானிய ஒலியெழுத்தாக மாற்றித் தரும். அவர்கள் இடறுவது நெடிலிலேயாகும். 'ஒபசன்' என்பவர் மாமி. 'ஒபாசன்' என்பவர் பாட்டி. கடிதத்தில் ஓர் அகரம் குறைந்தாற் பாட்டி மாமியாகிவிடுவார். குறில் நெடில் பயின்ற தமிழ்ச் செவிக்கு இவ்வேறுபாடு எளிதிற் புலப்படும். ஆயினும், செவி மட்டும் போதாது. தோக்கியோ, ஓசாக்கா என்னும் நகர்ப்பெயர்கள் இரண்டின் முதலசையும் ஓகாரமாகவே ஒலிக்கும். எழுதும்போதோ, முன்னதில் ஒகரத்தின்பின் உகரமும், பின்னதில் மற்றோர் ஒகரமும் வருதல் வேண்டும். பழைய எழுத்துமுறையில் ஓசாக்காவின் இரண்டாம் எழுத்து 'ஹொ' என்றிருந்தமையே இதற்குக் காரணம். 1986ஆம் ஆண்டின் எழுத்து விதிகளும் இவ்வேறுபாட்டைப் பேணுகின்றன. ஆதலால், சொல்லைக் காதாற் கேட்பதோடு கனாவிற் கண்டும் மனங்கொள்வோரே பிழையின்றி எழுதுவர்.