மைதானத்துக்கு ஒரு டைம் டேபிள்

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் மேம்பாலத்துக்கு அடியில் ஒரு பூங்கா இருக்கிறது. பெயர் நானாலால் டி. மேத்தா கார்டன். மேலே வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே தூண்களுக்கு நடுவே சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை வளைந்து வளைந்து போகிறது. நர்மதை ஆற்றின் போக்கை மனதில் வைத்து வரைந்த பாதை அது. பாலம் வந்த புதிதில் அந்த இடத்தில் கண்டபடி வண்டிகளை நிறுத்தினார்கள், சூதாடினார்கள். அக்கம்பக்கத்தார் கைக்காசு போட்டுக் காவலுக்கு ஆள் வைத்து, மாநகராட்சிக்கு ஆண்டுக்கணக்கில் நடையாய் நடந்தார்கள். 2016இல் பூங்கா திறந்தது. இந்த ஊரில் புதிதாகப் பூங்கா போட நிலம் எங்கே மிச்சமிருக்கிறது என்று கேட்பவர்களை நான் அங்கேதான் கூட்டிப்போவேன்.

நான் தாராவியில் ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பிடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்து வளர்ந்தது 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். கல்யாணத்துக்குப் பிறகு செம்பூர்வாசி. வேலைக்காலம் முழுவதும் விசிலையும் சுண்ணாம்புப் பொடியையும் தூக்கிக்கொண்டு, பிள்ளைகள் ஓட ஓர் இடம் தேடி அலைந்திருக்கிறேன். அப்படி அலைந்ததில் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. மும்பை மாதிரி நகரத்தில் பூங்கா நடத்துவது என்றால் செடி வளர்ப்பது மட்டும் இல்லை, நேரத்தைப் பங்கு போடுவது. யாருக்கு எந்த மணி, பூட்டின் சாவி யார் கையில் என்று முடிவு செய்வதுதான் பாதி நிர்வாகம்.

கணக்கைப் பாருங்கள். 2034 வரைக்கான வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்த காலத்தில், மும்பையில் ஓர் ஆளுக்கு 1.24 சதுர மீட்டர் திறந்தவெளிதான் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு கேரம் போர்டை ஒட்டிப் போட்டால் வருகிற இடம். மத்திய அரசின் நகரத் திட்ட வழிகாட்டி சொல்வது 10 சதுர மீட்டருக்குக் குறையாமல். என் தொழிலின் கணக்கில் சொன்னால், கோ-கோ களம் 27 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். அந்த ஒரு களத்துக்கு ஏறத்தாழ 350 மும்பைக்காரர்களின் பங்கு வேண்டும். ஆடப்போவதோ பக்கத்துக்கு ஒன்பது பேர். இவர்கள் ஆடி முடித்ததும் அடுத்தவர்கள் வர வேண்டும், அவர்களுக்குப் பிறகு வேறு யாரோ வர வேண்டும். அப்படி மாறி மாறிப் புழங்கினால்தான் இந்த ஊரின் மண் எல்லோருக்கும் எட்டும்.

செம்பூரில் டயமண்ட் கார்டன், அம்பேத்கர் கார்டன் என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் மறுபேச்சுக் கேட்கமாட்டார். நான் போவது அவற்றைவிடச் சின்னது ஒன்று. விடியுமுன் வருபவர்கள் சர்க்கரை நோய்க்காக நடப்பவர்கள். அவர்களுக்குப் பின்னால் ஓய்வுபெற்ற அப்பாக்கள். அந்த பெஞ்சுகளில் பாலக்காட்டுத் தமிழும் திருநெல்வேலித் தமிழும் மராத்தியும் ஒன்றாகக் கேட்கும். ஏழரை மணிக்கு யோகாப் பாய்கள் விரியும். பத்து மணிக்குப் பேரக்குழந்தைகளோடு பாட்டிகள். அப்புறம் மதியம் வந்தால் கேட்டில் பூட்டு.

அந்த மதியப் பூட்டுதான் என்னை வருத்துகிறது. வீட்டுவேலை செய்யும் பெண்களுக்குக் காலை ஷிப்ட் முடிந்து மாலை வேலை தொடங்கும் வரை நடுவில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். மான்குர்தில் இருக்கும் வீட்டுக்குப் போய்த் திரும்ப அது போதாது. கால் நீட்டி உட்கார நிழல் ஒன்றுதான் அவர்கள் கேட்பது. பூங்காச் சுவரை ஒட்டிய நடைபாதையில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். "உள்ளே மரம் இருக்கு, அக்கா. எங்களுக்கு லீவு கிடைக்கிற நேரத்துலதான் அதுக்கும் லீவு" என்றாள். சுத்தம் செய்ய, தண்ணீர் பாய்ச்சப் பூட்டுகிறோம் என்பது நிர்வாகத்தின் பதில். பாய்ச்சட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? பாதியைப் பூட்டிப் பாதியைத் திறந்து வைக்கலாமே.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பெண்களையும் பொது இடங்களையும் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2011இல் 'ஒய் லாய்ட்டர்?' என்ற புத்தகம் கொண்டுவந்தார்கள். காரணம் சொல்லாமல் பொது இடத்தில் சும்மா இருக்கும் உரிமையும் பெண்ணுக்கு வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆண் பெஞ்சில் படுத்துத் தூங்கினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பெண் மட்டும் குழந்தையையோ நடைப்பயிற்சியையோ காரணம் காட்ட வேண்டியிருக்கிறது.

மாட்டுங்காவுக்கு வந்தால் மூச்சு கொஞ்சம் நீளமாக விட முடியும். அதற்கு ஒரு கொள்ளைநோய் காரணம். 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெரிசலில்தான் நோய் பரவுகிறது என்று அன்றைய அரசு நினைத்தது. 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் பிறந்தது. தாதர், மாட்டுங்கா பக்கம் அகலமான சாலைகளும் மரங்களும் தோட்டங்களுமாகப் புதுக் குடியிருப்புகள் வந்தன. மன்செர்ஜி ஜோஷி என்ற பார்சிப் பொறியாளர் தாதர் பார்சி காலனியை வடிவமைத்தார். அதை ஒட்டிய ஃபைவ் கார்டன்ஸ் இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. வேலை தேடி வந்து அந்தப் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்த மரநிழல் கிடைத்தது. வீஜேடிஐ கல்லூரிப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பதும் அங்கேதான். தாராவியிலிருந்து அது நடக்கிற தூரம். ஆனால் அதன் புல்வெளியில் பந்து அடிக்க முடியாது, விசில் ஊத முடியாது. அது உட்காருவதற்கான தோட்டம்.

இந்த வித்தியாசத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நகரத் திட்ட வரைபடத்தில் கார்டன் வேறு, பிஜி எனும் விளையாட்டு மைதானம் வேறு, ஆர்ஜி எனும் பொழுதுபோக்கு மைதானம் வேறு. எதில் என்ன கட்டலாம், எதைத் திறந்தே வைக்க வேண்டும் என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும். உங்கள் தெருமுனைக் காலி இடம் வரைபடத்தில் எதுவாகக் குறித்திருக்கிறது என்று தெரியாமல் அதற்காகப் போராட முடியாது.

தாராவிக்குப் பக்கத்தில் பெரிய பச்சை நிலம் ஒன்று உண்டு. மித்தி ஆற்றங்கரையில் 37 ஏக்கரில் இருக்கும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க். அந்த இடம் நகரத்தின் குப்பைமேடாக இருந்தது. எழுபதுகளின் கடைசியில் குப்பை கொட்டுவதை நிறுத்தினார்கள். குப்பைக்கு மேல் மண் பரப்பி மரம் நட்டார்கள். 1983இல் பறவையியலாளர் சலீம் அலி மரம் நட்டுத் தொடங்கி வைத்தார், 1994 ஏப்ரல் 22, பூமி தினத்தன்று மக்களுக்குத் திறந்தது. என் வகுப்புப் பிள்ளைகளைப் பட்டாம்பூச்சி காட்ட அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். "இது நிஜமாவே நம்ம தாராவியா டீச்சர்?" என்று கேட்டவர்கள் உண்டு. 2020இல் கொரோனா தாராவிக்குள் நுழைந்தபோது அந்தப் பூங்காவின் வண்டி நிறுத்துமிடத்தில்தான் 200 படுக்கைத் தற்காலிக மருத்துவமனை எழுந்தது. தாராவியின் ராஜீவ் காந்தி விளையாட்டு வளாகம் தனிமைப்படுத்தும் மையமானது. ஆபத்து வந்த அன்று ஊருக்குக் கை கொடுத்தது திறந்தவெளிதான். திறந்தவெளியைச் சும்மா கிடக்கும் நிலம் என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

நேச்சர் பார்க் காடு. காட்டில் கோ-கோ ஆட முடியாது. ஆட்டத்துக்கு நாங்கள் நம்பியிருந்தது பள்ளிக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு மைதானம். அது முழுக்க முழுக்கப் பையன்களின் கிரிக்கெட்டுக்கே போய்விடும். ஒரே நேரத்தில் ஐந்தாறு ஆட்டம் குறுக்கும் நெடுக்குமாக நடக்கும். பந்து எந்தத் திசையிலிருந்து வருமென்று தெரியாததால் பெண்பிள்ளைகள் சுவரோரமாகவே நிற்பார்கள். புகார் எழுதிப் பார்த்தேன், பதில் வரவில்லை. கடைசியில் பெரிய பையன்களிடமே போய்ப் பேசினேன். பாதிப்பேர் தோல் பட்டறையிலும் தையல் பட்டறையிலும் வேலை செய்பவர்கள், மாலையில்தான் வருவார்கள். அவர்களில் ஒருவன், என் பழைய மாணவன், சொன்னான்: "அஞ்சு மணிக்கு மேல நாங்க, டீச்சர். அதுவரைக்கும் தங்கச்சிங்க ஆடட்டும். நடுவுல யாராவது வந்தா என் பேரைச் சொல்லுங்க." காலண்டர் தாளின் பின்பக்கம் டைம் டேபிள் எழுதி எதிரே இருந்த டீக்கடைச் சுவரில் ஒட்டினோம். கோ-கோவுக்குக் கம்பம் நட அனுமதி இல்லை. இரண்டு முனையிலும் இரண்டு பிள்ளைகளைக் கம்பமாக நிறுத்தி ஆட்டத்தை நடத்தினோம்.

அந்தத் தாள் மழைக்காலத்தில் நனைந்து கிழியும், கணபதிப் பந்தல் போட்டால் செல்லாது, பரீட்சை மாதத்தில் மாறும். மறுபடி எழுதுவோம். எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடாத அந்தத் தாளை ஊர் மதித்தது. 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையை இந்தியாவின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வென்றபோது, பழைய மாணவிகள் பலர் எனக்குப் போன் செய்தார்கள். ஒருத்தி தன் மகளைச் சேர்க்க இடம் கேட்டாள். எந்த மைதானத்தைச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டே நின்றேன்.

பொறுப்பு யாருடையது? மாநகராட்சியில் கார்டன் துறை இருக்கிறது. அதன் தலைவர் உத்யான் அதீட்சக், அதாவது பூங்காக் கண்காணிப்பாளர். ஒவ்வொரு வார்டிலும் அவருக்குக் கீழே அதிகாரிகள் உண்டு. தாராவி ஜி நார்த், மாட்டுங்கா எஃப் நார்த், செம்பூர் எம் வெஸ்ட். அன்றாடப் பராமரிப்பை ஒப்பந்தக்காரர் எடுக்கிறார். நாம் கேட்டில் பார்க்கும் வாட்ச்மேனும் மாலியும் பெரும்பாலும் ஒப்பந்த ஆட்கள்தான். அவர்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை, சாவி மட்டும்தான் அவர்கள் கையில், நேரம் இன்னொருவர் கையில்.

சாவியைத் தனியாரிடம் கொடுக்கும் வழியும் வந்தது. தத்தெடுப்பு என்ற பெயரில் சங்கங்களும் நிறுவனங்களும் அரசியல்வாதிகளின் அமைப்புகளும் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களைக் கையில் வைத்திருந்தார்கள். சில இடங்களில் பொது மைதானத்தில் கிளப் எழுந்தது, உறுப்பினர் கட்டணம் வந்தது. 2016 ஜனவரியில் மாமன்றம் புதிய தத்தெடுப்புக் கொள்கையை நிறைவேற்றியபோது மக்கள் கொதித்தார்கள். முதல்வர் பட்னாவிஸ் அதை நிறுத்தி வைத்து, கொடுத்த இடங்களைத் திரும்பப் பெறச் சொன்னார். 2023இல் மாநகராட்சி மறுபடி ஒரு வரைவு கொண்டுவந்தது, மறுபடி எதிர்ப்பு எழுந்தது. பாலத்தடிப் பூங்காவுக்காக நடந்த மாட்டுங்காக்காரர்களைப் போல அண்டை அயலார் முன்வந்து பார்த்துக்கொள்வதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் கேட்டைத் திறக்கும் உரிமை எக்காரணம் கொண்டும் மாநகராட்சியை விட்டுப் போகக் கூடாது. கட்டணம் கட்ட முடியாதவரும் வந்து உட்காருவதால்தான் அதற்குப் பொது இடம் என்று பெயர்.

இடத்தைவிட நிகழ்ச்சி மலிவு. 1995இல் மதன் கட்டாரியா என்ற டாக்டர் மும்பையில் ஒரு பூங்காவில் ஐந்தே பேரோடு சிரிப்புக் கிளப் ஆரம்பித்தார். இன்று உலகமெங்கும் இருக்கிறது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு மரத்தடியும் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு நேரமும்தான். 2022இல் மாநகராட்சியே சிவ யோகா கேந்திரா என்று தொடங்கியது. 30 பேர் சேர்ந்து கேட்டால் யோகா கற்றுத்தர ஆள் வரும். நல்ல திட்டம். இதே முறையில் 30 பெண்பிள்ளைகள் சேர்ந்து கேட்டால் ஏன் கோ-கோவுக்கும் கபடிக்கும் பயிற்சியாளர் வரக் கூடாது? பெண்கள் கபடிக் களம் 12க்கு 8 மீட்டர்தான். செம்பூரின் சின்னப் பூங்காவில்கூட மூலையில் அடங்கும்.

இப்போது தாராவியே மாறப்போகிறது. 2022 நவம்பரில் மறுசீரமைப்பு ஏலத்தை அதானி குழுமம் வென்றது. எத்தனை சதுர அடி வீடு, யார் தகுதி, யார் தகுதியில்லை என்பதே என் சொந்தக்காரர்கள் வீடுகளில் ஓயாத பேச்சு. நியாயமான கவலை. அதோடு இன்னொன்றையும் கேட்கச் சொல்கிறேன். ஆர்ஜி எங்கே? தரையிலா, பார்க்கிங்கின் மேல்தளத்திலா? 2013இல் கோஹினூர் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சப் பொழுதுபோக்கு இடம் தரையில் இருந்தே ஆக வேண்டும், மேல்தளத்தில் கொடுத்துக் கணக்குக் காட்டக் கூடாது என்றது. அதற்குப் பிறகும் இந்த வாதம் ஓயவில்லை. மேல்தளத்தில் மரம் வேர்விடாது. வெளியிலிருந்து வரும் பிள்ளைக்கு லிஃப்ட் ஏறி விளையாட அனுமதியும் கிடைக்காது. சந்தில் ஓடிப்பிடித்து வளர்ந்த பிள்ளைகளை இருபதாவது மாடியில் ஏற்றிவிட்டு, கீழே அவர்களுக்கு மண் இல்லையென்றால் வீடு பெரிதானதில் பாதிப் பயன் போய்விடும்.

இப்போது நானும் பழைய மாணவிகள் சிலரும் ஒரு மனு தயாரித்துக்கொண்டிருக்கிறோம். மதியம் பூங்காவின் ஒரு பாதியையாவது திறந்து வைப்பது, வாரத்தில் சில மாலைகள் பெண்பிள்ளைகளுக்கு மைதானம், கேட்டில் எல்லோரும் படிக்கும்படி நேரப் பலகை. வாசகம் மராத்தியில், இந்தியில், தாராவிப் பக்கம் தமிழிலும். உங்கள் வார்டிலும் எழுத நினைத்தால் பொதுவாகப் பூங்கா வேண்டும் என்று எழுதாதீர்கள். எந்த மைதானம், எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எத்தனை பேர் என்று எழுதுங்கள். 1916க்குப் போன் செய்து பதிவு செய்தாலும் சரி, வார்டு ஆபீஸில் நேரில் கொடுத்தாலும் சரி, புகார் எண் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.